இருபத்து நான்கு மாதமும் தவறாத குழந்தை

செத்துப்போன குழந்தைக்குப் பரிசு வந்திருந்தது.

தடித்த காகிதம், தங்க நிற ஓரம், அடியில் தலைநகரத்து முத்திரை. தாய் சேய் ஊட்டத் திட்டத்தில் இருபத்து நான்கு மாதமும் ஒரு தடவைகூடத் தவறாமல் கலந்துகொண்ட குழந்தை யானெலிஸ் மொன்தேரோவுக்கும் அவளுடைய அன்புத் தாய்க்கும் பாராட்டு. வருகிற சனிக்கிழமை லோஸ் ஹோபோஸ் மையத்தில் விழா. குழந்தையோடு வரவும். கூடவே, மாதாமாதம் எடுத்த எடையின் நகல் ஒன்று.

அந்த அன்புத் தாய் துப்பறிவாளர் எவரிஸ்தோ பெகேரோவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து காகிதத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள். பெயர் நூரிஸ். இருபத்தேழு வயது. துணி ஆலையில் பேன்ட்டுக்குப் பாக்கெட் தைப்பவள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு டெங்கு, சார். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில பத்தொன்பது நாள் கிடந்தேன். ரெண்டரை மாசக் குழந்தையை நாத்தனார்கிட்ட விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்தா, செத்துட்டா, புதைச்சாச்சுங்கறா. ஒரு மண்மேட்டைக் காட்டினா. அவ்வளவுதான். நான் என் பொண்ணு முகத்தைப் பார்க்கல."

"புருஷன்?"

"அவர் அந்த வருஷமே போர்ட்டோ ரிக்கோவுக்குக் கள்ளப் படகு ஏறினவர். இன்னும் போய்ச் சேரல."

ஜன்னலோரம் நின்றிருந்த டெயானிராவுக்கு நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. விழுங்கிக்கொண்டாள். நாற்பத்து மூன்று வயதில் அவளிடம் இருந்த சொத்துகள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள், இரண்டு விவாகரத்து, அடங்காத வாய். முதலாவதற்காகத்தான் எவரிஸ்தோ அவளை உதவியாளராக வைத்துக்கொண்டார். மூன்றாவது இலவசமாக வந்து சேர்ந்தது.

நூரிஸ் நகலின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இதைப் பாருங்க. போன மாசம். ஒன்பது கிலோ தொள்ளாயிரம். மண்ணுக்குள்ள இருக்கிறவளுக்கு எப்படி சார் எடை ஏறும்? என் நாத்தனார் என் பொண்ணை யாருக்கோ வித்துட்டா. அவ எங்கயோ வளர்ந்துக்கிட்டிருக்கா. கண்டுபிடிச்சுக் கொடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்."

எவரிஸ்தோ கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நகலை வாங்கினார். அவருக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரம் எழுதியவர். ஒரு வருடம் விஷக் காய்ச்சலில் செத்தவர்களை உள்ளது உள்ளபடி எண்ணிவிட்டார். அந்தக் காய்ச்சலே வரவில்லை என்று மந்திரி பேட்டி கொடுத்த வாரம் அது. அதன் பிறகுதான் இந்த மளிகைக்கடை மாடியும் துப்பறிவாளர் என்ற பலகையும்.

அவர் மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார். முதல் நாலைந்து வரிகளில் அவர் பார்வை கொஞ்சம் கூடுதலாகவே தங்கியது. பிறகு தாளின் மேல் பகுதியை உள்பக்கமாக மடித்து, மிச்சத்தை மட்டும் மேசையில் விரித்தார். டெயானிரா அதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

"இதுல என்ன பாஸ் யோசனை? ஒரு பேரை வச்சுக்கிட்டு எவனோ சத்துமாவை அமுக்குறான். வாங்க, போய்க் கழுத்தைப் பிடிப்போம்" என்றாள்.

"டெயா, நீ சத்துமாவு திருடி. இல்லாத குழந்தைக்கு எடை எழுதணும். எப்படி எழுதுவே?"

"மாசம் கால் கிலோ ஏத்திக்கிட்டே போவேன். கை வலிச்சா அரைக் கிலோ."

"இளைக்க விடுவியா?"

"நான் என்ன கிறுக்கா? இளைச்சா ஏன்னு கேட்டு மேலேருந்து ஆள் வருவான்."

"பொய்க் குழந்தைக்கு வயித்தால போகாது. பல்லு முளைக்கும்போது சோறு இறங்காம இருக்காது. இதைப் பாரு. போன ஆகஸ்ட்ல முந்நூறு கிராம் குறையுது. செப்டம்பர்ல இன்னும் முந்நூறு. நவம்பர் வரைக்கும் எழுந்திரிக்கல. பேனாவாலே ஒரு குழந்தையை எவனும் இவ்வளவு சிரத்தையாப் பட்டினி போடமாட்டான். இந்தத் தராசுல தொங்கினது நிஜக் குழந்தை."

நூரிஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்கா" என்றாள். கேள்வியா, சொல்லா என்று தெரியவில்லை. எவரிஸ்தோ அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். பிற்பாடு டெயானிராவுக்கு இது ஞாபகம் வந்தபோது கோபம் கோபமாக வந்தது.

"முதல் வருஷமும் அதே ஆகஸ்ட், செப்டம்பர்ல எடை அப்படியே நிக்குது. டிசம்பர் கடைசியில ஏற ஆரம்பிக்குது. ஏப்ரல், மே வரைக்கும் நல்லா ஏறுது. ரெண்டு வருஷமும் இதே கதை. நம்ம ஊர்ல டிசம்பர்ல என்ன ஆரம்பிக்கும்?"

"கிறிஸ்துமஸ் பன்றி வறுவல்" என்றாள் டெயானிரா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே பிடிபட்டுவிட்டது. "கரும்பு வெட்டு!"

"ஜூன்ல சர்க்கரை ஆலை நிக்கும். செத்த காலம். வேலை கிடையாது, கூலி கிடையாது. இந்தக் குழந்தையோட எடை கரும்போட ஏறி கரும்போட இறங்குது. இவ வளர்றது ஒரு கரும்பு வெட்டி வீட்டுல." அவர் தேதிகளின் வரிசையை விரலால் தடவினார். "நூரிஸ், உன் தெருவுக்கு மையத்துல எடை போடற நாள் எது?"

"செவ்வாய்."

"இங்க எல்லாம் வியாழன்."

"வியாழன் தமாரிந்தோ பட்டேய்க்காரங்களுக்கு" என்றாள் நூரிஸ். பட்டேய் என்றால் கரும்புக் காட்டு நடுவே வெட்டுக்காரர்களுக்குக் கட்டிய லயன் வீடுகள். லோஸ் ஹோபோஸிலிருந்து பார்த்தால் அதன் தகரக் கூரைகள் தெரியும், அங்கே இருக்கிறவர்கள் தெரியமாட்டார்கள்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்தான்" என்றபடி டெயானிரா வண்டிச் சாவியைத் தேடினாள்.

*

மூன்று பேரைச் சுமந்துகொண்டு மோட்டார் சைக்கிள் முனகியது. நடுவில் நூரிஸ், பின்னால் தொப்பியைப் பிடித்தபடி எவரிஸ்தோ. வெட்டி முடித்த கரும்புக் காட்டிலிருந்து அடித்த அனல் காற்றில் டெயானிராவின் பல்லெல்லாம் மண்.

மையம் பேஸ்பால் மைதானத்தை ஒட்டி இருந்தது. இளஞ்சிவப்பு அடித்த ஒற்றை அறை. முற்றத்தில் முப்பது பெண்கள், இடுப்புக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று குழந்தைகள். அறையின் உத்தரத்தில் தொங்கும் தராசு, அதில் துணிக் கால்சட்டைக்குள் உட்கார்ந்து வீறிடும் ஒரு பையன். தராசுக்குப் பக்கத்தில் தலைமுடியை உருளைகளில் சுற்றிக்கொண்டு, வெள்ளை அங்கியில் கிளரிவெல். இந்த மையத்தை ஆறு வருடமாக ஒற்றை ஆளாக நடத்துகிறவள்.

எவரிஸ்தோ உள்ளே போகாமல், வாசல் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தார். மொத்தப் பயனாளிகள் 186. கர்ப்பிணிகள் 22. பாலூட்டும் தாய்மார் 48. ஐந்து வயதுக்கு உட்பட்டோர் 116. வெளிநாட்டவர் 0. கடந்த ஆறு ஆண்டுகளில் இறப்பு 0.

"நூத்துச் சொச்சம் குழந்தைங்க, வாய்க்கால் தண்ணி, ஆறு வருஷம். ஒரு சாவுகூட இல்ல" என்றார்.

"கடவுள் தலைநகரத்துல வாடகை கட்டுப்படியாகாம இங்க குடிவந்துட்டார் போல" என்றாள் டெயானிரா.

"வெளிநாட்டவரும் பூஜ்யம். தமாரிந்தோவுல பாதிக்குப் பாதி எல்லை தாண்டி வந்த ஹைட்டிக்காரங்க இல்லையா?"

"அவங்களுக்கு ஏது பாஸ் மாவு? அம்மாவுக்கு அடையாள அட்டை வேணும். புள்ளைக்குப் பிறப்புச் சான்று வேணும். இங்கேயே பெத்தாலும் ஆஸ்பத்திரியில சீட்டு தரமாட்டாங்க."

"அப்ப அந்தக் குழந்தைங்க என்ன சாப்பிடும்?"

"என்னைக் கேட்டா? அவங்க நாட்டு அதிபரைக் கேளுங்க" என்றாள் டெயானிரா. அவள் தெருவில் எல்லோரும் சொல்வதுதான். அவளும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து கிளரிவெல் நிமிர்ந்தாள். வாசலில் நின்ற நூரிஸைக் கண்டாள். பையனைக் கால்சட்டையிலிருந்து உருவி அவன் அம்மாவிடம் கொடுத்தாள். தராசைக் கொக்கியிலிருந்து கழற்றினாள்.

"தராசு கெட்டுப்போச்சு! எல்லாரும் வீட்டுக்குப் போங்க! அடுத்த வியாழக்கிழமை வாங்க!"

பெண்கள் நாலு வார்த்தை திட்டினார்கள். ஆனால் அடுப்பில் போட்டது போட்டபடி வந்தவர்கள்தானே, உள்ளூர நிம்மதிதான். முற்றம் கலைய ஆரம்பித்தது.

"நல்லா இருந்த தராசு!" டெயானிரா சட்டைக் கையை மடித்தாள். "பாஸ், அவளை இப்பவே..."

"வேண்டாம். எதிர்ல அந்த மாமரத்தடியில காப்பி விக்கிறாங்க. உட்காரலாம்."

"அந்தக் கூட்டத்துல ஒருத்திதான் பாஸ் குழந்தையை வச்சிருக்கா! போயிடுவா!"

"போகமாட்டா. நூரிஸ், உன் தெருவுல குழந்தை வச்சிருக்கிறவங்க வருஷத்துல எத்தனை மாசம் எடை போட வருவாங்க?"

"எட்டு... ஒன்பது. மழை பெஞ்சா வரமாட்டாங்க. ஊருக்குப் போனா வரமாட்டாங்க."

"இவ இருபத்துநாலு மாசமும் வந்திருக்கா. புயல் அடிச்ச செப்டம்பர்லகூட வந்திருக்கா. உரிமையா வாங்குறவளுக்கு ஒரு மாசம் விட்டா ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும். ஒரு மாசம் விட்டா பேரை அடிச்சுடுவாங்களோன்னு பயப்படறவதான் புயல்ல வருவா." அவர் காப்பியை ஊதினார். "நாம வந்தவளைத் தேடல. போகாதவளைத் தேடறோம்."

டெயானிராவுக்கு வாய் திறந்தபடியே இருந்தது. எதிராளி எடை போடுவதை ரத்து செய்ததையே பொறியாக்கிவிடுகிற மனுஷன்!

அரை மணி நேரத்தில் முற்றம் காலியானது. முழுக்கக் காலியாகவில்லை. வேலியோரம் ஒரு சாண் நிழலில் ஒருத்தி நின்றாள். மெலிந்த கறுத்த பெண், தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கையில் காலிப் பை. ஜன்னல் வழியே கிளரிவெல் போ, போ என்று கையை ஆட்டுவது மாமரத்தடிக்கே தெரிந்தது. அவள் போகவில்லை. அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை மண்ணில் கட்டைவிரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

காப்பிக் கோப்பை உருண்டது. நூரிஸ் ஓடினாள்.

*

டெயானிரா போய்ச் சேர்வதற்குள் குழந்தை நூரிஸின் கையில் இருந்தது. அது உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. நூரிஸ் அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், கையை விரித்துப் பார்த்தாள்.

"யார்கிட்ட வாங்கினே? சொல்லுடி, எத்தனை கொடுத்து என் பொண்ணை வாங்கினே?"

அந்தப் பெண் ஓடவில்லை, கத்தவுமில்லை. சாலையில் சீட்டு இல்லாதவர்களை அள்ளிப்போகும் குடியேற்றத் துறை லாரி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா, இவ என் வயித்துல பொறந்தவ. தயவு செஞ்சு கொடுத்துடுங்க. சத்தம் போடாதீங்க அம்மா."

"பொய்!"

"பெத்தவ பேரு மிர்லாந்த்" என்று ஒரு குரல் வந்தது. கிளரிவெல் படியில் நின்றிருந்தாள். "அவ பொய் சொல்லல, நூரிஸ். எல்லாரும் உள்ள வாங்க. ரோட்டுல வேண்டாம்."

உள்ளே கதவைச் சாத்தியதும் எவரிஸ்தோ சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து, காலையில் உள்ளே மடித்த பகுதியைப் பிரித்தார்.

"நூரிஸ், மேல மூணாவது வரி. படி."

"நீங்களே படிங்க."

"மே மாசம் நாலு கிலோ நூறு. ஜூன் பாதியில அஞ்சு கிலோ இருநூறு. இது உன் பொண்ணு. நீ கொண்டுவந்து போட்ட எடை. அடுத்து ஜூலை." அவர் விரலை ஒரு வரி கீழே இறக்கினார். "ஜூலையில மூணு கிலோ."



"எவ்வளவு சீக்குன்னாலும் மூணு மாசக் குழந்தை ஒரே மாசத்துல பொறந்த எடைக்குத் திரும்பிப் போகாது. அது அப்பத்தான் பொறந்த வேற குழந்தை. உன் பொண்ணோட எடை அஞ்சு கிலோ இருநூறோட நின்னுடுச்சும்மா."

நூரிஸின் கை தளர்ந்தது. குழந்தை வழுக்கி இறங்கி மிர்லாந்தின் கால்களுக்குள் போய்ப் புகுந்துகொண்டது.

"காலையிலேயே உங்களுக்குத் தெரியும்" என்றாள் டெயானிரா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மடிச்சு வச்சுக்கிட்டு, இந்தப் பொண்ணை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க!"

"ஆமா."

"ஏன்?"

"ஏற்கெனவே ஒரு தடவை வெறும் வாய் வார்த்தையில இவளுக்குச் சாவைச் சொல்லியிருக்காங்க. இன்னொரு தடவை காகிதத்தைக் காட்டிச் சொன்னா நம்பியிருப்பாளா? பார்த்தவங்க யாராவது சொல்லணும்." அவர் கிளரிவெல் பக்கம் திரும்பினார். "பார்த்தவங்க நீங்கதானே?"

கிளரிவெல் தலையசைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நூரிஸின் எதிரே போட்டுக்கொண்டாள்.

"உன் நாத்தனார் வாய்க்கால் தண்ணியில பவுடரைக் கரைச்சுக் கொடுத்திருக்கா. கொதிக்க வைக்கணும்னு நான் சொன்னது அவ காதுல ஏறல. மூணு நாள் வயித்தால போச்சு. என்னைக் கூப்பிடும்போது ரொம்ப நேரம் கடந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன், மைதானம் தாண்டல. என் கையிலதான் போச்சு. நான்தான் குளிப்பாட்டினேன். வெள்ளைச் சட்டை மாட்டினேன். சம்மனசு ஆகி மோட்சம் போன குழந்தைக்கு அழக்கூடாதுன்னு எல்லாருமா பாடினோம். மணிக்கட்டுல கண்ணேறுக்கு நீ கட்டியிருந்த கறுப்பு மணிக் கயிறு, அதை அவுக்க மனசு வரல. அதோடயே படுக்க வச்சோம்."

"அந்தக் கயிறு தொலைஞ்சு போச்சுன்னு நாத்தனார் சொன்னாளே..." நூரிஸ் மெல்லச் சொன்னாள். இரண்டு வருடமாக அவள் சந்தேகம் முழுக்க அந்தக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது இப்போது அறுந்து விழுந்தது.

பிறகு எழுந்து கிளரிவெல்லின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தலையிலிருந்து ஓர் உருளை தெறித்து உருண்டது. கிளரிவெல் கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

"அவ்வளவும் பண்ணிட்டு, அவ பேரைத் தூக்கி இன்னொருத்திக்குக் கொடுத்துட்டே."

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேட்கல."

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பே. அப்ப மிர்லாந்த் பிரசவமாகி நாலு நாள். பால் வத்திப்போச்சு. செத்த காலம். இந்த வாசல்ல வந்து நின்னா. சட்டப்படி அவளை விரட்டணும். என் மேசையில ஒரு அட்டை சும்மா கிடந்தது." கிளரிவெல் அலமாரியைப் பார்த்தாள். "பேரு பொய்தான். ஆனா நான் ஒரு எடையைக்கூடப் பொய்யா எழுதினதில்ல."

"அதுதான் உங்களைக் காட்டிக் கொடுத்துச்சு" என்றார் எவரிஸ்தோ. "மூணு கிலோவை ஆறுன்னு எழுதியிருந்தா நான் ஏமாந்திருப்பேன். மொத்தம் எத்தனை அட்டை?"

"பதினொண்ணு."

வாசல் சுவரில் இருந்த பூஜ்யம் இரண்டையும் டெயானிரா இப்போது மனதுக்குள் சேர்த்துப் பார்த்தாள். இறப்பு பூஜ்யம், வெளிநாட்டவர் பூஜ்யம். லோஸ் ஹோபோஸில் செத்த பதினொரு குழந்தைகள் தமாரிந்தோவில் பதினொரு குழந்தைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைநகரத்தில் இதற்குத்தான் பாராட்டுப் பத்திரம் அச்சடித்திருக்கிறார்கள்.

நூரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அவ செத்துட்டான்னு எழுதணும்."

"நூரிஸ்..."

"எங்கயாவது எழுதியிருக்கணும். எந்த ஆபீஸ்ல கேட்டாலும் பொறந்தது இருக்கு, செத்தது இல்ல. அதனாலதானே நானும் நம்பிட்டு ஓடிவந்தேன்? சீட்டு இருந்தா சிலுவையில பேரு எழுதலாம். எடுங்க பதிவேட்டை."

மிர்லாந்துக்கு எல்லாச் சொற்களும் புரிந்திருக்காது. பதிவேடு என்ற சொல் புரிந்தது. குழந்தையைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். எழுதினால் இவளுக்கு அடுத்த மாவுப் பொட்டலம் கிடையாது என்பதும், பழைய தேதி போட்டு எழுதினால் பதினொரு அட்டையும் கிளறப்படும் என்பதும் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எவரிஸ்தோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இது அவர் தீர்க்கிற விஷயம் இல்லை.

கிளரிவெல் பதிவேட்டை விரித்தாள். யானெலிஸ் மொன்தேரோ என்ற பெயருக்கு நேரே பேனா நின்றது.

"எந்தத் தேதி?"

நூரிஸ் மிர்லாந்தைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். அதன் கன்னத்தில் தன் விரல் பட்ட தடம் இன்னும் தெரிந்தது.

"இன்னைக்குத் தேதி போடுங்க."

"நிஜமாவா?"

"ரெண்டு வருஷம் நீங்கல்லாம் சேர்ந்து உயிரோட வச்சிருந்தீங்க. எனக்கு இன்னைக்குத்தான் செத்தா. போடுங்க."

கிளரிவெல் எழுதினாள். சீட்டு ஒன்றும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். சனிக்கிழமை வருகிற அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள். குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லுங்கள், பொய் இல்லையே என்றார் எவரிஸ்தோ.

பிறகு கிளரிவெல் பேனாவை மூடிவைத்தாள். மிர்லாந்தின் கையிலிருந்த காலிப் பையைப் பார்த்தாள். மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள். புது அட்டை இல்லை.

"போன வாரம்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். "மைதானத்துக்கு அந்தப் பக்கத் தெரு. ரெண்டு வயசுப் பொண்ணு. இன்னும் பதிவேட்டுல எழுதல."

டெயானிராவுக்கு இந்த மையத்தில் அட்டைக்குத் தட்டுப்பாடே வராது என்று அப்போது புரிந்தது.

நூரிஸ் கதவை நோக்கி நடந்தாள். நிலைப்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள். "இந்தத் தடவை அந்தம்மாகிட்ட சொல்லிட்டு எடுங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் கிளரிவெல்.

வெயிலில் மோட்டார் சைக்கிள் இருக்கை கொதித்தது. நூரிஸ் சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். எவரிஸ்தோ தொப்பியை அழுத்திக்கொண்டார். டெயானிரா உதைத்த முதல் உதைக்கு வண்டி கிளம்பவில்லை.

திறந்திருந்த கதவு வழியே மிர்லாந்தின் குரல் கேட்டது. "அக்கா, இனிமே இவ பேரு என்ன?"

"ஆர்லெனி."

மிர்லாந்த் குழந்தையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அதன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நீ ஆர்லெனி. யாரு கேட்டாலும் ஆர்லெனி. எங்க, சொல்லு."

குழந்தை இது என்ன புது விளையாட்டு என்பதுபோல அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பிறகு உள்ளங்கையால் தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது.

"யானெலிஸ்."

"ஆர்லெனி" என்றாள் மிர்லாந்த்.

"யானெலிஸ்! யானெலிஸ்!"

நூரிஸ் முன்னால் இருந்த டெயானிராவின் தோளை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"வண்டியை எடுங்கக்கா" என்றாள். "சீக்கிரம் எடுங்க."